இறங்கும் லிஃப்டில் ஒருவரின் நிறை

பேனை முனை கோட்டுக்கு அரை அங்குலம் மேலே வந்து நின்றுவிட்டது.

“போடுங்கோவன் அப்பா,” என்றாள் ரூபிகா. “வெள்ளிக்கிழமைக்கு முதல் பள்ளிக்கூடத்தில குடுக்கவேணும்.”

கிருஷ்ணராஜ் படிவத்தை மறுபடி பார்த்தார். உயர்தரத்தில் (ஏ.எல்) மாணவி கற்க விரும்பும் பாடங்கள். முதலாவது இணைந்த கணிதம். நல்லது. மூன்றாவது இரசாயனவியல். இருந்துவிட்டுப் போகட்டும். இரண்டாவதை அவருடைய கண் தாண்டிப் போயிருந்தது. இப்போது திரும்பி வந்தது. பௌதிகவியல். மற்ற இரண்டையும்விட அந்தச் சொல்லை மகள் அழுத்தி எழுதியிருந்தாள். தாளின் மறுபக்கத்தில் தடவினால் தெரியும்போல் இருந்தது.

“பிசிக்ஸ் கஷ்டம் பிள்ளை.”

குசினிக்குள் இருந்து மனைவி ரஜனியின் குரல் வந்தது. “அதுக்கென்ன? ரியூசன் கூடத் தேவையில்லை. அப்பா பிசிக்ஸில ஏ எடுத்தவர் எல்லே. வீட்டிலயே வைச்சுச் சொல்லிக்குடுப்பார்.”

பேனை கையிலிருந்து நழுவியது. மேசையில் விழுந்து, உருண்டு, அரைவட்டமாகத் திரும்பி, அவருடைய மடியிலேயே வந்து விழுந்தது.

“பாத்தீங்களோ!” ரூபிகாவின் கண்கள் விரிந்தன. “ஏன் அப்பா அது நேர உருளாம வளைஞ்சு வந்தது?”

“பேனை எண்டா அப்பிடித்தான்,” என்றார் கிருஷ்ணராஜ். “நாளைக்குக் கையெழுத்துப் போடுறன். வலக்கை உளையுது.”

வலக்கை உளையவில்லை.

கிருஷ்ணராஜ் வாழ்க்கையில் சொன்ன பொய்கள் சொற்பம். அதிலும் ஆகப் பெரியதை அவர் சொல்லவே இல்லை. பெண் பார்க்கப் போன அன்று அவருடைய பெரியமாமா சொன்னார். “பெடியன் ஏ.எல்லில பிசிக்ஸ் ஏ.” சபை நிமிர்ந்து பார்த்தது. மறுத்திருக்கலாம். ஆனால் கிருஷ்ணராஜின் வாயில் அப்போது ஒரு முழுப் பயத்தம் பணியாரம் இருந்தது. பயத்தம் பணியாரத்தை வாயில் போட்டவன் இரண்டு நிமிடத்துக்கு ஊமை. இரண்டு நிமிடம் கழித்து அவர் தேநீர் குடித்து வாயைத் திறந்தபோது பெரியவர்கள் நாள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

உண்மையில் அவர் பௌதிகவியலை மூன்று முறை எழுதியவர். மூன்று முறையும் பெறுபேறு எஃப். ஒரு பரிசோதனையை எத்தனை முறை செய்தாலும் ஒரே முடிவு வரவேண்டும் என்பது அந்தப் பாடத்தின் விதி. அந்த ஒரு விதியை மட்டும் அவர் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருந்தார்.

அதற்குப் பிறகு கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் ஆறாம் மாடியில் பிளாட் கிடைத்தது. மகள் பிறந்தாள். எல்லாம் நல்லபடி நடந்தது. ஆனால் பதினெட்டு வருடங்களாக அந்த வீட்டில் ஒரு பொருள் பழுதாகும் ஒவ்வொரு முறையும் கிருஷ்ணராஜ் ஒரு விளக்கம் தேடவேண்டியிருந்தது.

“இஞ்சேரப்பா, ஃபேன் சுத்துது, காத்து வரேல்ல. நீங்கள் பிசிக்ஸ் படிச்சனீங்கள், ஏனெண்டு சொல்லுங்கோ.”

“காத்து இண்டைக்குக் கடல் பக்கம்.”

“இஞ்சேரப்பா, மெயின் சுவிட்ச் அடிக்கடி விழுது.”

“களைப்பாயிருக்கும்.”

பிரஷர் குக்கர்தான் எல்லாவற்றிலும் மோசம். மூன்று விசில் வந்ததும் ரஜனி வேண்டுமென்றே வேறு வேலையில் இருப்பாள். “போய் நிப்பாட்டுங்கோவன். அமுக்கம் உங்கட சப்ஜெக்ட் எல்லே.” கிருஷ்ணராஜ் சுவரில் ஆணியில் தொங்கும் தாச்சி மூடியை எடுத்துக் கேடயமாகப் பிடிப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாம்புப் புற்றுக்குள் கை விடுகிறவரைப் போல அடுப்பின் திருகைத் தேடுவார்.

மானத்தைக் காப்பாற்றியவன் பாமன்கடை ஸியாம். மின் வேலை செய்பவன். வெள்ளிக்கிழமைகளில் ரஜனி பம்பலப்பிட்டிக் கோயிலுக்குப் போனதும் கிருஷ்ணராஜ் கந்தோரிலிருந்து அரைநாள் லீவில் ஓடி வருவார். ஸியாம் பின்படியால் ஏறி வருவான். அவனிடம் ஒரு வித்தை இருந்தது. பையைத் திறக்க முன்பே எது கருகியது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு வேண்டிய சாமானையும் கையோடு கொண்டுவந்திருப்பான். கோயிலிலிருந்து திருநீற்றோடு திரும்பும் ரஜனி ஃபேனை நிமிர்ந்து பார்ப்பாள். “அட, செய்திட்டீங்களே! ஏ எடுத்த மூளை எல்லே.”

மூளை வேர்க்கும்.

ரஜனிக்கு இதெல்லாம் வராது. அவள் செய்வது ஒன்றே ஒன்று. கொண்டையில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, காஸ் எந்தத் திகதியில் முடியும் என்று கலண்டரில் ஒரு வட்டம் போடுவாள். அன்றைக்கே முடியும். கைராசி என்று கிருஷ்ணராஜ் கந்தோரில் சொல்லிப் பெருமைப்படுவார்.

இப்போது மகள் அந்தப் பாடத்தைக் கேட்கிறாள். ஃபேன் கேள்வி கேட்காது. மகள் கேட்பாள். இரண்டு வருடம், தினமும், கொப்பியோடு.

செவ்வாய்க்கிழமை கந்தோர் விட்டதும் நேரே பாமன்கடைக்குப் போனார்.

“ஸியாம், ஒரு உதவி. வீட்ட வந்து மகளுக்கு ஒரு கதை சொல்லவேணும்.”

“செல்லுங்க அண்ணன்.”

“பிசிக்ஸ் படிச்சதாலதான் இப்பிடி ஏணியில ஏறி இறங்கித் திரியிறன் எண்டு சொல்லும்.”

ஸியாம் கையிலிருந்த திருப்புளியை மெதுவாக வைத்தான். “அண்ணன், நான் ஓ.எல் சயன்ஸ் பெயில். அதப் படிக்காததாலதான் ஏணியில ஈக்கிறன். புள்ளைக்கிட்டப் போய் மாத்திச் செல்ல ஏலுமா?”

“சின்னப் பொய்தானே.”

“ஒங்களுக்காக பதினெட்டு வருஷமா ஒரு பொய்ய காப்பாத்திட்டு ஈக்கிறன். ஒரு வூட்டுக்கு ஒண்டு போதும் அண்ணன்.” பிறகு அவன் எதையோ சொல்ல வந்து, மேசையில் கிடந்த வயர்த் துண்டைச் சுருட்டினான். “அக்கா நல்ல மனுஷி. நீங்க பயப்புடுற மாதிரி இல்ல.”

அவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டார் கிருஷ்ணராஜ்.

அடுத்து பாலசுந்தரம் மாஸ்டர். காலி வீதியில் விளக்குக் கம்பத்துக்குக் கம்பம் அவருடைய முகம் ஒட்டியிருந்தது. பௌதிகவியல், தமிழ் மொழிமூலம், இறுதி நேரக் கருத்தரங்கு. கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், பேக்கரிக்கு மேல்மாடியில் வகுப்பு. ஏறும் படிகளில் தகப்பன்மார் வரிசையாக இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு குடை, ஒரு தண்ணீர்ப் போத்தல். மகள்மார் மேலே படித்தார்கள். வகுப்பு முடியக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

“புதுசோ அண்ணை?” நான்காம் படியில் இருந்தவர் நகர்ந்து இடம் கொடுத்தார். “இருங்கோ. ரெண்டு வருசம் கெதியாப் போகும். எனக்கு இது மூத்தவளோட சேத்து அஞ்சாவது வருசம்.”

கிருஷ்ணராஜ் இருக்கவில்லை. படியில் பதிந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். அது இருந்து இருந்து விழுந்த பள்ளம் என்று அவருக்குத் தோன்றியது. விரைந்து ஏறினார்.

மாஸ்டருக்குச் சுவரொட்டியில் முடி இருந்தது.

“பிள்ளை கெட்டிக்காரியோ?” என்று கேட்டார்.

“ஓம். அதுதான் பயம்.”

“விளங்கேல்ல.”

“சேர், எப்பிடியாவது மறிக்கவேணும். நல்ல முறுக்கின கேள்வியள் அஞ்சு தாங்கோ. பாத்த உடன பிள்ளை கொமர்ஸுக்கு ஓடவேணும்.”

மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பதினைஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன். பிள்ளையைச் சேருங்கோ எண்டு வருவினம். கலைச்சுத் தாங்கோ எண்டு வந்தது நீங்கள் ஒராள்தான்.” ஆனாலும் ஒரு கட்டுக்குள் தேடி ஒரு தாளை உருவினார். “போன முறை இதுக்கு ஒராள்தான் அஞ்சும் செய்தது. அவர் இப்ப கம்பசில, எஞ்சினியரிங்.”

“விடையும் வேணும்.”

“இந்தாங்கோ. த்ரீவீலில வரேக்க மடியில வைச்சு எழுதினது. எதுக்கும் ஒருக்காச் சரி பாருங்கோ. நீங்கள் பிசிக்ஸ் படிச்சனீங்களோ?”

“ஏ,” என்றார் கிருஷ்ணராஜ். பழக்கதோஷம்.

“பிறகென்ன. சந்தேகமெண்டா வட்ஸ்அப்பில போடுங்கோ.”

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் இடியப்பமும் சொதியும். கிருஷ்ணராஜ் தொண்டையைச் செருமினார். பாராளுமன்றத்தில் எழுந்து நிற்கிறவரைப் போல முதுகை நிமிர்த்தினார்.

“பாசம் வேற, படிப்பு வேற. ஒரு பாடத்தை எடுக்க முதல் அதுக்குத் தகுதி இருக்கோ எண்டு பாக்கவேணும். இதில அஞ்சு கேள்வி கிடக்கு. அஞ்சும் சரியெண்டாப் பிசிக்ஸ். ஒண்டு பிழைச்சாலும் கொமர்ஸ்.”

ரூபிகா தாளை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் வெளிறும் என்று அவர் எதிர்பார்த்தார். அது மலர்ந்தது. “அப்பா, மூண்டாவது எங்கட லிஃப்ட்!”

ரஜனி சொதி ஊற்றிக்கொண்டே சொன்னாள். “நல்ல யோசினை.”

கிருஷ்ணராஜின் கை நின்றது. ரஜனி ஒரு விஷயத்தை நல்லதென்று சொன்னால் அதில் எங்கேயோ ஒரு பள்ளம் இருக்கும்.

“ஆனா ஒண்டு,” என்றாள். “திருத்திறது நீங்கள்தான். பிழையெண்டு போட்டா, எங்க பிழையெண்டு பிள்ளைக்குச் செய்து காட்டவேணும். அப்பதான் அவளும் மனம் ஆறிக் கொமர்ஸுக்குப் போவாள். என்ன ரூபி?”

“ஓம் அம்மா.”

திருத்துவதைப் பற்றிக் கிருஷ்ணராஜுக்குக் கவலை இல்லை. விடைத்தாள் சேர்ட் பைக்குள் இருந்தது. செய்து காட்டுவது என்ற இரண்டாம் பகுதி அவருடைய காதில் விழுந்ததோ என்னவோ, மனதில் விழவில்லை. பயந்தவன் பாதியைத்தான் கேட்பான்.

வியாழன் பின்னேரம் ரூபிகா நான்கு பக்கங்களை நீட்டினாள். கிருஷ்ணராஜ் அவற்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். பைப்பைத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில் விடைத்தாளை விரித்தார்.

முதலாவது சரி. இரண்டாவது சரி. மூன்றாவது நீளமாக இருந்தது; அதைப் பிறகு பார்க்க விட்டார். நான்காவது சரி. ஐந்தாவதில் மகள் மூன்று தசமதானம் வரைக்கும் சரியாக எழுதியிருந்தாள். கடைசியாக மூன்றாவதற்கு வந்தார். ஐம்பது கிலோகிராம் திணிவுடைய ஒருவர் உயர்த்தி ஒன்றினுள் தராசின்மீது நிற்கிறார். கீழ்நோக்கி இயங்கும் உயர்த்தி வேகம் குறைந்து, 2 ms⁻² என்ற சீரான அமர்முடுகலுடன் ஓய்வுக்கு வருகிறது. தராசின் வாசிப்பு யாது? ரூபிகா எழுதியது அறுநூறு நியூற்றன். மாஸ்டர் எழுதியது நானூறு.

கிருஷ்ணராஜ் சுவரில் சாய்ந்தார். தப்பினார். பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தார். மகள் பிழைவிட்டதற்குச் சிரிக்கிற தகப்பன் எப்படி இருப்பான் என்று அதில் தெரிந்தது. அவர் துவாயை எடுத்துக் கண்ணாடியின் மேல் போட்டார்.

வெளியே வந்து சிவப்புப் பேனையால் ஒரு குறுக்குக் கோடு போட்டார். பாவம் பார்த்துச் சின்னதாகத்தான் போட்டார்.

“மூண்டாவது பிழை பிள்ளை. விடை நானூறு.”

ரூபிகாவின் கீழுதடு ஒருமுறை உள்ளே போய் வந்தது. “பிழையில்லை அப்பா.”

“நானூறு.”

“எப்பிடி?”

குளியலறையில் பைப்பை மூட மறந்தது அப்போதுதான் அவருக்குக் கேட்டது. போய் மூடிவிட்டு வந்தார். கேள்வி அங்கேயே இருந்தது. ரஜனி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தாள்.

“செய்து காட்டுங்கோவன் அப்பா,” என்றாள் ரஜனி. “பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது.”

கிருஷ்ணராஜின் உள்ளங்கால் வேர்த்தது. முப்பது வருடங்களுக்கு முந்திய ஒரு பரீட்சை மண்டபத்தில், கடைசி வாங்கில், மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கையில் வேர்த்த அதே இடம்.

“லிஃப்ட் கீழ போகுது,” என்றார். “கீழ போனா பாரம் குறையும். அதுதான் குறைஞ்சு நானூறு.”

சொன்ன பிறகு அவருக்கே வியப்பாக இருந்தது. கேட்க நன்றாக இருந்தது.

“அது போகத் தொடங்கேக்க,” என்றாள் ரூபிகா. “நிக்கேக்க பாரம் கூடும். கேள்வியில நிக்கப்போகுது எண்டெல்லே கிடக்கு.”

ரஜனி கையை முந்தானையில் துடைத்தாள். கொண்டையிலிருந்து பென்சிலை உருவினாள். பாண் சுற்றி வந்த தாளை நேராக்கி அதில் ஒரு பெட்டி வரைந்தாள், பெட்டிக்குள் ஒரு ஆளை, ஆளுக்கு மேலே ஒரு அம்பு, கீழே ஒரு அம்பு. பக்கத்தில் மூன்று வரி எழுதினாள். கடைசி வரியைச் சுற்றிக் கட்டம் கட்டி, கீழே இரண்டு கோடு போட்டாள். “இப்பிடித்தானே ரூபி?”

“ஓம் அம்மா.”

மகளிடம் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறாள் என்று கிருஷ்ணராஜ் நினைத்தார். “பாண் பேப்பரில என்னவும் எழுதலாம்,” என்றார்.

“அப்ப வாங்கோ.”

ரஜனி குளியலறைக்குப் போய் எடை பார்க்கும் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் நடைவழியில் இறங்கினார்கள். லிஃப்ட் கதவு திறந்தது. தராசு நடுவில் வைக்கப்பட்டது. கிருஷ்ணராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு, தூக்குமேடைக்கு ஏறுகிற குற்றவாளியைப் போல அதில் ஏறினார். முள் எண்பத்திரண்டில் நின்றது.

“கம்பியிலயிருந்து கையை எடுங்கோ,” என்றாள் ரஜனி. “வாசிப்புப் பிழைக்கும்.”

வாசிப்பு என்ற சொல்லை அவள் ஏன் சொன்னாள் என்று யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. காலடியில் பூமி நழுவத் தொடங்கியது. லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் முள் எழுபத்தாறுக்கு விழுந்தது. “பாத்தீரோ! குறைஞ்சிட்டுது!” என்று கத்தினார்.

“பொறுங்கோ.”

முள் எண்பத்திரண்டுக்குத் திரும்பியது. மூன்றாம் மாடியில் லிஃப்ட் நிற்கப் பார்த்தது. முள் எழுந்தது. எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. கதவு திறந்தது. குப்பைப் பையோடு மூன்றாம் மாடி நளீபா நின்றாள். வெறுங்காலோடு தராசில் நிற்கும் மனிதரையும் அவருடைய காலடியில் குந்தியிருந்து முள்ளைப் பார்க்கும் மனைவியையும் மகளையும் பார்த்தாள்.

“என்னது ரஜனி, கிளினிக்கா?”

“இல்ல ராத்தா. இவருக்குப் பிசிக்ஸ்.”

“யா அல்லா. எப்ப தொடக்கம்?”

“கலியாணம் செய்த நாள் தொடக்கம்.”

நளீபா பரிதாபமாகத் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே வந்து மூலையில் ஒடுங்கினாள். தொற்றிவிடும் என்று பயந்தவள் மாதிரி இருந்தது. லிஃப்ட் மறுபடி இறங்கியது. எழுபத்தாறு. எண்பத்திரண்டு. நிலத்தளம். எண்பத்தெட்டு. ஒரு பரிசோதனையை எத்தனை முறை செய்தாலும் ஒரே முடிவு வரும்.

“தராசு பழசு,” என்றார் கிருஷ்ணராஜ்.

மூவரும் மேலே ஏறி வந்தார்கள். வீட்டுக்குள் வந்ததும் ரஜனி பயற்றங்காயைக் குக்கரில் பருப்போடு போட்டு மூடி, அடுப்பில் ஏற்றினாள். கிருஷ்ணராஜுக்கு இன்னும் ஒரு வழிதான் இருந்தது.

“என்ன இருந்தாலும் விடைத்தாளில நானூறு எண்டுதான் கிடக்கு.”

“எந்த விடைத்தாள்?” என்றாள் ரூபிகா.

வாயிலிருந்து போன சொல்லும் லிஃப்டும் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினாலும் உடனே திரும்பி வராது. அவர் சேர்ட் பையைப் பொத்திக்கொண்டார். “மாஸ்டரிட்ட ஒருக்காக் கேப்பம்,” என்றார். பாண் தாளைப் படம் எடுத்து அனுப்பினார். மாஸ்டராவது கைகொடுப்பார். தன் விடையைத் தானே பிழையென்று சொல்லுகிற வாத்தி உலகத்தில் உண்டா?

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. எழுத்தில் இல்லை. குரலில். கிருஷ்ணராஜ் போனைக் காதில் வைத்துக் கேட்கத்தான் நினைத்தார். பெருவிரல் அவசரத்தில் வேறெதையோ அழுத்தியது. பாலசுந்தரம் மாஸ்டர் வகுப்பெடுக்கும் குரலில் வரவேற்பறை முழுவதும் பேசினார்.

“வணக்கம் அண்ணை. அறுநூறுதான் சரி. த்ரீவீல் குலுக்கினதில அமர்முடுகலை ஆர்முடுகலாச் செய்துபோட்டன், மன்னிக்கோணும். பிள்ளையைக் கொமர்ஸுக்குக் கலைக்கக் கேள்வி கேட்டு வந்தனீங்கள், பிள்ளை என்னையெல்லே கலைச்சுப்போட்டுது.” சிரிப்பு. “அது கிடக்கட்டும். இந்தப் பேப்பரில செய்து காட்டினது ஆர்? அம்புக்கு வால் வைச்சு, விடைக்குக் கட்டம் கட்டி, கட்டத்துக்குக் கீழ ரெண்டு கோடு. கொட்டாஞ்சேனையில நாங்கள் ஏ.எல் படிக்கேக்க ரஜனியெண்டு ஒரு பிள்ளை இப்பிடித்தான் போடுவா. அந்த முறை எங்கட வகுப்பில பிசிக்ஸுக்கு ஏ அவ ஒராள்தான். நான் சி. அவவின்ர கொப்பியைப் பாத்துத்தான் நானே விளங்கிக்கொண்டனான். அவவைத் தெரிஞ்ச ஆக்களெண்டா நம்பரை அனுப்புங்கோ அண்ணை. வகுப்பெடுக்க ஒராள் தேடுறன்.”

குக்கர் முதல் விசிலை அடித்தது.

ரூபிகா தாயைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். மறுபடி தாயைப் பார்த்தாள். ரஜனி மேசையில் கிடந்த பயற்றங்காய் நார்களை ஒன்றாகக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கிருஷ்ணராஜ் கதிரையில் இருந்தார். கதிரை அங்கே இருந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

“நீர்... ஏயோ?”

“ஓம்.”

“அப்ப என்ர...”

“கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள் தெரியும். வீடு குளிரப் பிரிட்ஜைத் திறந்து வைச்சா நல்லதெண்டு சொன்னனீங்கள்.”

“அப்ப ஸியாம்...”

“அவன் பாவம். கோயில் வாசலில நிண்டு நான்தான் அவனுக்கு போனில சொல்லுறது, எது கருகினது, என்ன கொண்டுவரவேணும் எண்டு. சொன்னா நீங்கள் மனம் நோவியள் எண்டு அவனுக்குத்தான் பயம்.”

கிருஷ்ணராஜ் பதினெட்டு வருடங்களையும் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவும் ஒரே பரீட்சை மண்டபம். மேற்பார்வையாளர் முந்தானையில் கையைத் துடைத்தபடி முன்னால் நின்றார்.

“எல்லாம் தெரிஞ்சுகொண்டு ஏனப்பா என்னட்ட ஒவ்வொண்டாக் கேட்டனீர்?”

“என்ன சொல்லுவியள் எண்டு பாக்க. காத்து கடல் பக்கம் எண்டியள். நான் ரெண்டு நாள் சிரிச்சனான்.”

ரூபிகா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டாள். “ஏன் அம்மா நீங்கள் ஒரு நாளும் சொல்லேல்ல? நான்கூட அம்மா ஆர்ட்ஸ் எண்டெல்லே நினைச்சனான்.”

ரஜனி நார்களைக் குவித்தாள். குவித்ததை மறுபடி பரப்பினாள்.

“பொம்பிளை பாக்க வந்தண்டைக்கு அப்பம்மா கேட்டவ, பிள்ளை கனக்கப் படிச்சதோ எண்டு. கனக்கப் படிச்ச பிள்ளை வேண்டாம் எண்டது கேக்காமலே விளங்கினது. என்ர அப்பா சொன்னார், சும்மா கொஞ்சம் எண்டு. கம்பசுக்குப் போக நாலு மார்க்ஸ் குறைஞ்சுபோன வருசம். எனக்கும் ஒண்டும் கதைக்க விருப்பமில்லை.”

“சொல்லியிருக்கலாமே,” என்றார் கிருஷ்ணராஜ். “அந்த இடத்திலயே ஏ எண்டு சொல்லியிருக்கலாமே.”

ரஜனி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கும் வாயில பயத்தம் பணியாரம் இருந்தது.”

இரண்டாவது விசில்.

“மாஸ்டருக்கு நம்பரை அனுப்புங்கோ,” என்றாள் ரஜனி. “வகுப்பு ஞாயிற்றுக்கிழமையெண்டா, எங்கள் ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறது நீங்கள்தான். படியில இருக்கலாமாம். நளீபா ராத்தாவின்ர மனுசன் மகளுக்காக ரெண்டு வருசம் இருந்தவராம்.”

கிருஷ்ணராஜ் தன் மனைவியின் இலக்கத்தை ஒரு அந்நியருக்கு அனுப்பினார். நான்காம் படியின் பள்ளம் ஞாபகத்துக்கு வந்தது. ரூபிகா படிவத்தை அவருக்கு முன்னால் தள்ளினாள். பேனை கோட்டுக்கு மேலே நிற்கவில்லை. எழுத்துக் கோணலாக விழுந்தது. ஆனால் விழுந்தது.

“இஞ்ச கொண்டு வா பாப்பம் அந்தப் பேப்பரை,” என்று ரஜனி கதிரையை மகளுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். “நாலாவதைச் சுத்தி வளைச்செல்லே செய்திருக்கிறாய்.”

“சரியாத்தானே வந்தது அம்மா.”

“வந்தது. கோட்டைக்குப் போறவள் நுகேகொடையால போன மாதிரி வந்தது. இதில பார். சக்தி எங்க போகுது எண்டு மட்டும் பார்.”

பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. இரண்டு தலைகளும் ஒரே தாளுக்கு மேலே குனிந்திருந்தன. வாலுள்ள அம்பு ஒன்று கீழிருந்து மேலே போனது.

மூன்றாவது விசில் வந்தது. ஒருவரும் நிமிரவில்லை.

கிருஷ்ணராஜ் எழுந்து குசினிக்குள் போனார். தாச்சி மூடி அதன் ஆணியிலேயே தொங்கியது. அவர் கையை நீட்டி அடுப்பை நிறுத்தினார்.